எல்லா ஆட்டுக்கும் ஊற்றாதீர்கள்

சித்திரை, வைகாசியில், மழைக்கு முன்னால், பட்டியில் இருக்கிற எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து ஊற்றிவிட வேண்டும் என்பது வேலூர் மாவட்டத்தில் கே.வி.குப்பம், குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கமெல்லாம் எழுதாத சட்டம். ஒரு ஆடு விட்டுப்போனாலும் மனசு கேட்காது. மேட்டுப் பக்கம் ஓடிப்போன கிடாவை ஆள் விட்டுப் பிடித்துவந்து ஊற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். முகாம் போட்டாலும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். வாட்ஸாப் குழுக்களில் "மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அனைத்து ஆடுகளுக்கும்" என்று அட்டவணையே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த மருந்து வேலை செய்யாமல் போவதற்குப் பெரிய காரணம் இந்த ஒழுங்குதான் என்பது என் கட்சி. பொறுமை இல்லாதவர்கள் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். பாதி லாபம் உண்டு.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன். மனிதர்களின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். ஊரில் பெரியப்பாவுக்குச் செம்மறி மந்தை உண்டு, கூடவே கொஞ்சம் வெள்ளாடும். ஊற்றியும் ஆடு தேறவில்லை என்று அவர் புலம்ப ஆரம்பித்த பிறகுதான், கையில் இருக்கிற தொழிலை ஆட்டுக்கும் பயன்படுத்திப் பார்ப்போமே என்று இதில் இறங்கினேன். ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு விளக்கம் தயாராக இருந்தது: "மருந்துல கலப்படம்பா. அந்தக் காலத்து பாட்டில் ஒரு மூடி ஊத்தனா போதும், மறுநாளே கொட்டிடும்." போலி மருந்து உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல கடையில் வாங்கிய நல்ல மருந்தும் தோற்கிறது. அதற்கு பாட்டிலைத் திட்டிப் பயனில்லை.

முதலில் ஆசாமியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஆட்டுக்கு வரும் புழுக்களில் பல வகை உண்டு. எங்கள் பக்கத்து வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தி ஆட்டை நிஜமாகவே சாகடிப்பது ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்ற உருளைப்புழு. பார்க்க ஆசைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கறிக்கடைக்குப் போங்கள். அறுத்த சூட்டோடு வயிற்றின் நாலாவது அறையை மட்டும் தனியே கேட்டு வாங்கி, நீளவாக்கில் கீறி விரித்துப் பாருங்கள். புழு மண்டிய ஆடாக இருந்தால் உள்சுவரில் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவற்றுக்கு நடுவே ஏறத்தாழ ஓர் அங்குலம்வரை நீளமான நூல்கள் நெளியும். வெறுங்கண்ணுக்கே தெரியும். பெண் புழு என்றால் ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளை நிறக் கருப்பை முறுக்கிக்கொண்டு போவது தெரியும். அன்றைக்குக் கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஆட்டு ரத்தமே தண்ணியாதான் இருந்துச்சு சார். கழுத்த தொட்டதும் தெரிஞ்சிபோச்சு."

ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.05 மில்லி ரத்தத்தை ஆட்டுக்கு நஷ்டமாக்குகிறது. அற்பம்தான். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி. இருபத்தைந்து கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே. ரத்தத்தில் புரதம் குறைந்ததும் நீர் கீழே இறங்கித் தாடைக்கு அடியில் பை மாதிரி தொங்கும். தாடை வீக்கம் என்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலையில் மேய்ச்சலுக்குப் போகும்போது வற்றியும், தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது பெருத்தும் இருக்கும். கழிச்சல் இருந்தால்தான் பூச்சி என்று நினைக்கிறவர்கள் இதில் ஏமாறுவார்கள். இந்தப் புழுவுக்குக் கழிச்சல் அவசியமில்லை. புழுக்கை உருண்டையாகவே விழும், ஆடு வெளுத்துக்கொண்டே போகும்.

ரத்தக் கணக்கைவிட முட்டைக் கணக்கு பயங்கரம். ஒரு பெண் புழு நாளைக்கு ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் முட்டை வரை போடும். ஆயிரத்தில் பாதி பெண் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு ஆடு ஒரு நாளில் மேய்ச்சல் நிலத்தில் இருபத்தைந்து லட்சம் முட்டையைப் போட்டுவிட்டு வருகிறது. ஈரமும் சூடும் இருந்தால் முட்டை பொரிந்து, ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய மூன்றாம் நிலைக் குட்டிப்புழு தயார். பனியோ மழையோ புல்லில் படிந்த நீர்ப்படலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். பெரும்பாலானவை தரையை ஒட்டிய நாலு விரல் உயரத்துக்குள்ளேயே நிற்கும். ஆடு அதை மேய்ந்தால் மூன்று வாரத்தில் வயிற்றுக்குள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். தழையை எக்கித் தின்னும் வெள்ளாட்டுக்கு இது குறைவாகவும், தரையைச் சுரண்டி மேயும் செம்மறிக்கு அதிகமாகவும் ஏறுவது இதனால்தான். ஆனால் தழைக்கு வழியில்லாமல் வெள்ளாட்டைப் புல்லில் விட்டால் செம்மறியைவிட மோசமாக அடிவாங்கும். புழுவை எதிர்த்து நிற்கும் சக்தி அதற்கு அவ்வளவாக இல்லை.

மருந்துக்குப் பூச்சி பழகிவிட்டது என்கிறோம். எந்தப் புழுவும் பழகுவதில்லை. அவ்வளவு லட்சம் லட்சமாகப் பிறக்கும் கூட்டத்தில், மருந்து படாத மாற்றம் கொண்டவை மருந்து வருவதற்கு முன்பே எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். புழுவின் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழல்களைக் கட்டுகிறது. புழு சத்தை உறிஞ்சுவதும், முட்டைக்குள் செல் பிரிவதும் அந்தக் குழல்கள் இருந்தால்தான் நடக்கும். அல்பெண்டசோல் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு குழல் கட்டவிடாமல் செய்கிறது, புழு பட்டினியில் சாகிறது. அந்தப் புரதச் சங்கிலியில் 200ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின் இருந்துவிட்டால் மருந்து ஒட்டுவதில்லை. 167ஆம் இடத்திலும் 198ஆம் இடத்திலும் நேரும் மாற்றங்களும் இதே காரியத்தைச் செய்கின்றன. ஒரே ஒரு எழுத்து மாறிய மரபணுவால் மொத்த பாட்டிலும் வீண்.

ஃபென்பெண்டசோலும் அல்பெண்டசோலும் ஒரே குடும்பம் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். போன முறை இது, இந்த முறை அது என்று மாற்றி வாங்கி, மருந்தை மாற்றிவிட்டதாகத் திருப்தி அடைகிறவர்கள் ஏராளம். ஒட்டுகிற இடம் ஒன்றுதான். ஒன்றில் தப்பிய புழு மற்றதிலும் தப்பும். லெவாமிசோல் வேறு குடும்பம், நரம்பு வழியாகப் புழுவின் தசையை இறுக்கி முடக்கும். ஐவர்மெக்டின் இன்னொன்று. பெரும்பாலும் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது. சொறிக்கும் பேனுக்கும் என்று போடும் ஐவர்மெக்டின் ஊசியும் வயிற்றுப் புழு மேல் விழும் இன்னொரு சல்லடைதான் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

ஒரு ஆட்டின் வயிற்றில் ஆயிரம் புழு. மருந்து ஊற்றியாயிற்று. தொள்ளாயிரத்து ஐம்பது செத்து ஐம்பது தப்பியது. ஆடு தேறும், கண் சிவக்கும், நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் அடுத்த மூன்று வாரத்துக்கு அந்த ஆட்டின் புழுக்கையில் விழும் ஒவ்வொரு முட்டையும் அந்த ஐம்பதின் வாரிசு. புதிதாக மேய்ந்த குட்டிப்புழு வளர்ந்து முட்டை போட அத்தனை நாளாகும். கோரையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் களையெடுத்த நிலம் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். இதில் எல்லாம் அடங்கியிருக்கிறது: தப்பிய ஐம்பதின் வாரிசுகள் யாரோடு கலக்கப் போகின்றன?

அல்பெண்டசோல் குடும்பத்துக்கு எதிரான அந்த மாற்றம் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இரண்டு பிரதியாக வந்தால்தான் புழு முழுசாகத் தப்பும். ஒரு பிரதி மட்டும் இருந்தால், சரியான அளவு மருந்தில் அநேகமாகச் செத்துவிடும். ஆகவே தப்பிய புழுவுக்குச் சுற்றிலும் மருந்துக்குச் சாகிற சாதாரணப் புழுக்கள் நிறைய இருந்தால், அவற்றோடு கூடிப் பிறக்கும் அடுத்த தலைமுறை மறுபடி மருந்துக்குச் சாகும். சாதாரணப் புழுவே இல்லாமல் துடைத்துவிட்டால் தப்பியதும் தப்பியதும்தான் கூடும். அப்புறம் பிறப்பதெல்லாம் இரண்டு பிரதிக்காரர்கள். ஆகவே மருந்து படாமல் எங்காவது மிச்சமிருக்கும் புழுக்கள்தான், புல்லில் இருந்தாலும் ஊற்றாமல் விட்ட ஆட்டின் வயிற்றில் இருந்தாலும், நமக்கு மருந்தைக் காப்பாற்றித் தருகின்றன.

இப்போது நம் வேலூர் வெயிலுக்கு வருவோம். தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் என்று செய்தியில் நம் ஊர் பெயர் வராத கோடை ஏது? அக்னி நட்சத்திரத்தில் ஏரிப் புறம்போக்கும் மலையடிவாரமும் காய்ந்து கருகிக் கிடக்கும்போது புழுக்கை விழுந்த ஓரிரு நாளில் உலர்ந்துவிடும். முட்டை பொரியாது, பொரிந்ததும் தாங்காது. ஏற்கெனவே புல்லில் இருந்த குட்டிப்புழுக்கள் உறைக்குள் இருப்பதால் எதையும் தின்ன முடியாது, கையிருப்புச் சத்தைச் சூட்டில் சீக்கிரமே செலவழித்துவிட்டுச் செத்துப்போகும். ஏரி உள்வாயில் எங்காவது பசேலென்று ஈரம் கசியும் திட்டைத் தவிர மற்ற மேய்ச்சல் நிலம் அந்த மாதத்தில் கிட்டத்தட்ட சுத்தம். அதாவது ஊரிலுள்ள புழு மொத்தமும் ஆட்டு வயிற்றுக்குள்தான் இருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து, ஒன்று விடாமல் எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால்? தப்பியவை மட்டுமே மிஞ்சும். ஆடி, ஆவணியில் மழை விழுந்து புல் தளிர்க்கும்போது அந்தப் புல்லில் ஏறுவது முழுக்க அவற்றின் வம்சம். மழைக்கு முன் ஊற்றினால் மழைக்காலம் நிம்மதி என்ற கணக்கு அந்த வருஷத்துக்குச் சரிதான். நாலைந்து வருஷம் போனபின் அதே கணக்குதான் காலை வாருகிறது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தான் போனது. பினோதயசின் என்ற பழைய மருந்து தோற்பது 1957லேயே பதிவாயிற்று. அல்பெண்டசோல் குடும்பத்தின் மூத்த பிள்ளை தயாபெண்டசோல் 1961இல் வந்தது, 1964இல் அதை எதிர்க்கும் புழு வந்துவிட்டது. நம் நாட்டிலும் செம்மறிகளில் இவை தோற்பதைப் பற்றி 1976லேயே எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் பிறந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு வாங்கித் தந்த மருந்து. 1981இல் கால்நடைக்கு வந்தது, பத்து வருஷம் முடிவதற்குள் அதையும் மீறிய ஹீமாங்கஸ் தென்னாப்பிரிக்காவில் தென்பட்டது. மோனேபான்டெல் என்ற புத்தம்புது மருந்தை நியூசிலாந்தில் 2009இல் இறக்கினார்கள். அங்கே ஒரு வெள்ளாட்டுப் பண்ணையில் முதல் முறை ஊற்றி இரண்டு வருஷம் ஆவதற்குள் அது பொய்த்தது. அடுத்த புது மருந்து வந்து காப்பாற்றும் என்று காத்திருக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இதில் வெள்ளாடு அடிக்கடி தலைகாட்டுவது தற்செயல் இல்லை. வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். செம்மறிக்குப் போதுமான அளவு வெள்ளாட்டுக்கு அரைகுறை. இங்கே இரண்டுக்கும் ஒரே மூடிதான். எடை பார்ப்பதும் கிடையாது. சந்தையில் கைமதிப்பில் வாங்கி விற்கிறவர்களுக்குக் கறி எடை துல்லியமாகத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருந்து நேரத்தில் மதிப்பு எப்போதும் கீழேதான் போகும், பாட்டில் தீர்ந்துவிடுமே என்று. முப்பது கிலோ ஆட்டை இருபது என்று போட்டால் மூன்றில் ஒரு பங்கு மருந்து காணோம். ஒரு பிரதிக்காரப் புழுக்கள் தப்பிப் பிழைப்பது இப்படித்தான். தராசு இல்லாவிட்டால் கூட்டத்தில் பெரிய ஆட்டின் எடைக்கு எல்லாவற்றுக்கும் ஊற்றலாம் என்பது பொதுவான வழி. லெவாமிசோலில் மட்டும் அந்தத் தாராளம் கூடாது, அளவு மீறினால் ஆடு நடுங்கி விழுந்துவிடும். வெள்ளாட்டுக்கு எவ்வளவு என்பதை மருந்துச் சீட்டிலோ என் பேச்சிலோ பார்க்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக்கூடாது என்பதையும் அவரே சொல்வார்.

மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதை ஆட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும். தரையில் கிடப்பதைப் பொறுக்காமல், கையுறை போட்டு ஆட்டிடமிருந்தே நேரடியாக எடுத்த புழுக்கை இரண்டு கிராம். கல்லுப்பு இனிக் கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குக் கரைத்த தண்ணீர் 28 மில்லி. நசுக்கிக் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, மெக்மாஸ்டர் என்ற கோடு போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, ஐந்து நிமிஷம் சும்மா விட வேண்டும். குப்பை அடியில் தங்கும், முட்டை மிதந்து மேல் கண்ணாடியில் ஒட்டும். நுண்ணோக்கியின் குவியத்தைக் காற்றுக் குமிழிகள் தெளிவாகத் தெரியும் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அதே மட்டத்தில் முட்டைகளும் இருக்கும். நீள்வட்டம், மெல்லிய ஓடு, உள்ளே உருண்டை உருண்டையாய்த் திரண்ட செல்கள். இரண்டு அறையிலும் கோட்டுக்குள் இருப்பதை எண்ணி ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று வரும். எந்த இனத்துப் புழுவின் முட்டை என்று இதில் சொல்ல முடியாது, அதற்குக் குட்டிப்புழுவாக வளர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் நம் கேள்விக்கு இது போதும். மருந்து ஊற்றும் அன்றைக்கு ஒருமுறை, பத்துப் பதினாலு நாள் கழித்து அதே ஆடுகளில் இன்னொருமுறை. முட்டை எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறையாவிட்டால் எதிர்ப்பு வந்துவிட்டதாகச் சந்தேகிக்கலாம்.

பெரியப்பா மந்தையில் அல்பெண்டசோலுக்குப் பிறகு எண்ணினேன். பல ஆடுகளில் பாதிகூடக் குறையவில்லை. சந்தேகமே வேண்டாம் என்கிற அளவு. கலப்படக் கட்சிக்காரர்களுக்காக வேறு கடையில் வேறு பாட்டில் வாங்கியும் பார்த்தாயிற்று.

இந்த மருந்தை நாமும் விழுங்குகிறோம் என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று 2015 முதல் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கடித்துத் தின்னக் கொடுக்கும் மாத்திரை அதே அல்பெண்டசோல். நம் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் ஊர் ஊராக, வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை கொடுத்து, மண்வழிப் பரவும் புழுக்களை அடியோடு நிறுத்த முடியுமா என்று டிவார்ம்3 என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஆப்பிரிக்காவில் பெனினிலும் மலாவியிலும் நடந்த அதே ஆய்வின் இந்தியக் களம் இது. மனிதருக்கு வரும் கொக்கிப்புழு வேறு, ஆட்டுப்புழு வேறு. ஒன்றின் எதிர்ப்பு மற்றதற்குத் தொற்றாது. மனிதக் குழந்தையின் ரத்தசோகை முன்னால் நிற்கும்போது மாத்திரையைத் தள்ளிப்போடு என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் மனிதப் புழுவில் ஆய்வாளர்கள் தேடுவதும் அந்த 167, 198, 200 என்ற இடங்களைத்தான். ஆட்டுப் பட்டி நமக்கு முன்னால் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, யாருக்கு ஊற்றுவது, யாரை விடுவது? இதற்கு வழி கண்டது தென்னாப்பிரிக்கர்கள்தான், மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு. ஒரு மந்தையில் புழு எல்லா ஆட்டிலும் சமமாக இருப்பதில்லை. பெரும்பகுதி, சுமார் கால்வாசி ஆடுகளுக்குள் குவிந்திருக்கும். மற்றவை புழுவோடு குடித்தனம் நடத்திக்கொண்டு நன்றாகத்தான் இருக்கின்றன. ஹீமாங்கஸ் ரத்தத்தைக் குடிப்பதால் வெளுப்பைப் பார்த்தே மோசமானவற்றைப் பிரித்துவிடலாம். ஃபாஃபா மலான் என்ற கால்நடை மருத்துவரின் பெயரால் ஃபமாச்சா என்று ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள். கீழ் இமையின் உள்பக்கத்துக்கு ஐந்து நிறம். நல்ல சிவப்பு 1, காகித வெள்ளை 5. ஒன்று, இரண்டு என்றால் விட்டுவிடு. நாலு, ஐந்து என்றால் உடனே ஊற்று. மூன்று என்றால் குட்டியா, சினையா, பால் கொடுக்கிறதா என்று பார்த்து முடிவு செய்.

அட்டை இல்லாமல் செய்யாதீர்கள் என்பார்கள். நிறத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக நம் கண் நினைக்கும், வைத்துக்கொள்ளாது. காலை வெயிலில், நிழல் விழாமல், ஆட்டின் தலையை இடுப்போடு அணைத்துப் பிடித்து, ஒரு கட்டைவிரலால் மேல் இமையைக் கண்ணின் மேல் லேசாக அழுத்தி, இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்தால் உள்தோல் பிதுங்கி வரும். அதைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளைப் படலத்தைப் பார்த்து எல்லாம் வெளுப்பு என்று முடிவுகட்டுவது தொடக்கத்தில் எல்லோருக்கும் நடப்பது. அடுத்த கண்ணையும் பார்த்து, எது மோசமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், இந்தப் புழு அவ்வளவு வேகம். பெரியப்பாவுக்கு இது இரண்டே நாளில் கைவந்துவிட்டது. ஆட்டைப் பிடித்துப் பழகின கை. ஊற்றாமல் விடுவதுதான் வரவில்லை. "இன்னாடா இது, பூச்சி கீதுன்னு நீயே எண்ணிச் சொல்ற, அப்பறம் வுட்டுடுன்ற?" என்று நாலு முறை கேட்டுவிட்டார். ஐந்தாவது முறை பெரியம்மா குறுக்கே வந்து, ஊற்றாததால் மிச்சமான மருந்துக் காசைக் கணக்குச் சொன்னார். அது வேலை செய்தது.

எங்கள் பக்கத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. ஏரி உள்வாயில் மேய்கிற ஆடு வெளுத்தால் அது ஹீமாங்கஸாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஏரி நத்தை வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு வரும், அதுவும் ரத்தத்தை வற்றவைத்துத் தாடையை வீங்கவைக்கும், மருந்தும் வேறு. உண்ணி மொய்த்தாலும் வெளுக்கும், வெறும் பட்டினியிலும் வெளுக்கும். தூசியில் கண் எரிச்சலாகி இருந்தால் வெளுத்த ஆடும் சிவப்பாகத் தெரியும். அட்டையை நம்பிச் சந்தேகத்தைக் கைவிட்டுவிட வேண்டாம்.

தடுப்பூசி இல்லையா என்று கேட்கிறார்கள். ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தால் துள்ளுமாரிக்கும் ஆட்டம்மைக்கும் ஊசி பார்த்துப் பழகிய ஊர் இது, கேட்பது நியாயம். ஆஸ்திரேலியாவில் 2014இல் ஹீமாங்கஸுக்கு ஒன்று வந்தது. ஆடுகளுக்குப் புழு ஏற்றி, அறுத்து, வயிற்றிலிருந்து புழுவைத் திரட்டி, புழுவின் குடல்சுவர்ப் புரதத்திலிருந்து தயாரிக்கிறார்கள். ஒரு பருவத்துக்குப் பலமுறை போட வேண்டும். நமக்கு இப்போதைக்குக் கைக்கெட்டாத சங்கதி. வேப்பிலை, குப்பைமேனி, பாகற்காய் உருண்டை கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், ஆனால் கண் வெளுத்த ஆட்டை அதை நம்பி விடாதீர்கள். வேலமரத் தழையில் இருக்கும் துவர்ப்பு புழுவைக் கொஞ்சம் அடக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. வெள்ளாட்டைத் தழையில் விடுவதால் புல்லைத் தவிர்த்த லாபமும் சேரும். கடலைப் பிண்ணாக்கு மாதிரி புரதம் கொடுத்தால் அதே புழுவை அதே ஆடு இன்னும் நன்றாகத் தாங்கும்.

சந்தையை மறந்துவிட்டேனே. திங்கட்கிழமை கே.வி.குப்பம் சந்தையில் வாங்கி வரும் ஆடு எந்த ஊர் மருந்தில் தப்பிய புழுவைச் சுமந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்றே மந்தையோடு விடாமல் தனியே கட்டி, இரண்டு வெவ்வேறு குடும்ப மருந்தை மருத்துவரைக் கேட்டுக் கொடுத்து, பத்துப் பதினாலு நாள் கழித்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. ஒன்று விடாமல் ஊற்றுவது நியாயமான இடம் இது ஒன்றுதான்.

இத்தனையும் சொன்னாலும் ஏரி பொது. எங்கள் ஏரியில் மேய்வது பெரியப்பா மந்தை மட்டுமில்லை. பக்கத்துப் பட்டிக்கார மாமா ஒருவர் கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் குடைகிறது: "உன் ஆட்டுக் கண்ணு செவப்பா கீது, நீ வுட்டுட்ட. அது போடற புழுக்கைல வர்ற பூச்சி என் ஆட்டு வாய்க்குத்தான வருது?" வருகிறதுதான். அது உங்கள் பாட்டிலுக்குச் சாகிற பூச்சி மாமா, அது கலக்காவிட்டால் உங்கள் மந்தையில் சாகாத பூச்சி மட்டும்தான் மிஞ்சும் என்றேன். "பூச்சி பூச்சிதான்பா" என்று எழுந்து போய்விட்டார். இந்தச் சித்திரையில் அவர் எல்லாவற்றுக்கும் ஊற்றினார், பெரியப்பா வெளுத்தவற்றுக்கு மட்டும். ஆவணியில் இரண்டு மந்தையிலும் எண்ணிப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். ஊற்றுகிற அன்றைக்கும், பத்துப் பதினாலு நாள் கழித்தும் புழுக்கை தருவதாக மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார். டப்பா நான்தான் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம்.